என் நாற்பதாம் நாளுக்கு வந்தவர்கள்

பாகிரான் தீவு
நவம்பர் 20

அன்செல்மோ சாருக்கு,

காலஞ்சென்ற எபிபானியா கும்பான் என்ற பானிங் எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடு நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

நேற்றுப் படகில் அரிசி, மண்ணெண்ணெய், ஒரு மாதமாக நாங்கள் ஏங்கிக்கொண்டிருந்த தொலைபேசிக் கோபுரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், அவரோடு ஒரு பெரிய உறை வந்து இறங்கின. உறையின்மேல் 'மறைந்த எபிபானியாவின் கணவருக்கு' என்று இருந்ததால் நான் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்கில்லை. என் வீட்டுக்காரர் கிறிஸ்புலோதான் பிரித்தார். உள்ளே என் ஆன்ம சாந்திக்குப் பூசை வைத்ததற்கான அட்டை, ஊதா ரிப்பன் ஒன்று, ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் நம் இணைய வகுப்புத் தோழி கிளியோஃபே எழுதிய ஆறு பக்கக் கடிதம். கிறிஸ்புலோ எல்லாவற்றையும் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரவால்ல, போறதுக்கு முன்னாடி முட்டை பொரிச்சு வெச்சுட்டுத்தான் போயிருக்க" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த இரங்கல் உரை அதுதான்.

சார், புயல் எங்கள் கோபுரத்தைச் சாய்த்தது. அதனால் தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கொன்று, ஒன்பது நாள் செபம் செய்து, ஒன்பதாம் நாள் ஆளுக்கொரு சமையல் செய்து படம் போட்டு, சாப்பிட்டு ஏப்பமும் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாடிய புகழையெல்லாம் கிளியோஃபே வரிவரியாக எடுத்து எழுதியிருக்கிறாள். நான் தேவதைபோல் பாடுவேனாம். என் பாட்டைக் கேட்டுத் தூங்குகிற குழந்தையும் எழுந்து அழும். எப்போதும் சிரித்த முகமாம். என் முகத்தை இவர்கள் எப்போது பார்த்தார்கள்? மற்றவர்கள் துன்பத்தைக் காது கொடுத்துக் கேட்பேனாம். என் துன்பத்தை இவர்களில் யார் கேட்டார்கள்?

நினைவிருக்கிறதா சார்? போன ஜூனில் எழுதினேன். என் பாலர் நிலையத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, தொண்தொண் என்று பெயர். யாரைக் கண்டாலும் கடிக்கும். என்ன செய்யலாம் என்று அரைப் பக்கம் எழுதிக் கேட்டேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். 'அருமையான பகிர்வு மானாங்! கடவுள் ஆசி!' ஒன்பதும் அதேதான், மானாங் என்று அக்கா முறை வேறு. வாரத்துக்கு ஒரு வணக்கம், இரண்டு பேருக்குப் பதில் போட்டால் 'உடனிருப்பு மதிப்பெண்' என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள். அவர்கள் இரண்டாவது பதிலை என் தலையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர் ஆசீர்வதித்தும் தொண்தொண் இன்னும் கடிக்கிறது.

சரி, அது போகட்டும். உங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் நான் இறந்தவளாகப் பதிவாகிவிட்டேன் என்று கிளியோஃபே எழுதியிருக்கிறாள். சனவரியில் என் கடைசித் தேர்வு. புது விதிப்படி ஜூனுக்குள் பட்டம் இல்லாதவர் பாலர் நிலையத்தை நடத்தக் கூடாது. பட்டத்தோடு ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள்: ஊர்த்தலைவரின் மருமகள். குழந்தையைத் தொட்டால் உடனே கையில் கிருமிநாசினி ஊற்றிக்கொள்கிறவள். பதினேழு வருஷம் நான் மூக்குச் சிந்திவிட்ட பிள்ளைகள் அவள் கைக்குப் போகும்.

என்னை உயிர்ப்பியுங்கள். மூன்றாம் நாள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. இந்த மாதத்துக்குள் செய்தால் போதும்.

எபிபானியா


இலோயிலோ
நவம்பர் 27

அன்புள்ள மானாங் பானிங்,

உங்கள் கடிதத்தை வீட்டுக்காரம்மாவின் முன்னால் பிரித்தது என் தப்பு. முதல் வரியைப் படித்ததும் கையிலிருந்த பாட்சோய் சூப்பை மடியில் கொட்டிக்கொண்டேன். நூடுல்ஸ் எங்கெங்கே ஒட்டியது என்று ஒரு மூத்த சகோதரிக்கு எழுத முடியாது. அந்த அம்மா அதற்குப் பிறகு மாடிப்படியில் என்னைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

முதலில், சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம். அழுதேன்கூட. அழுதது சூப்பின் சூட்டாலும் இருக்கலாம், பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இது எப்படி நடந்தது என்று விளக்குகிறேன். கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். பதினான்கு நாள் நீங்கள் வராததால் கணினி தானாக எல்லோருக்கும் ஒரு தகவல் அனுப்பியது: 'உங்கள் தோழி எபிபானியாவைக் காணவில்லை, உங்கள் உடனிருப்பைக் காட்டுங்கள்.' கிளியோஃபே உடனே எழுதினாள், 'மானாங் பானிங், எங்கே இருக்கிறீர்கள், பயமாக இருக்கிறது' என்று. அன்றைக்குத் தேதி நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். கப்பலில் சமையல் செய்கிற பையன் நடுக்கடலில் இருக்கிறான், ஊருக்கு வந்து அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற முடியாது. ஒரு மெழுகுவத்திப் படத்தைக் கொண்டுவந்து கிளியோஃபே எழுதியதற்குக் கீழே வைத்துவிட்டான். அடுத்து வந்தவள் மெழுகுவத்தியை மட்டும் பார்த்தாள், 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றாள். அதற்கடுத்தவர் அனுதாபத்தை மட்டும் பார்த்தார், 'எப்போது?' என்றார். அவருக்கும் அடுத்தவர் 'புயலில்' என்றார். ஏழாவது ஆள் வருவதற்குள் நீங்கள் படகு கவிழ்ந்து போயிருந்தீர்கள். எட்டாவது ஆள் உங்களைக் கரை சேர்த்து அடக்கமும் செய்துவிட்டார். மானாங், உங்களை யாரும் கொல்லவில்லை. எல்லோரும் தனக்கு மேலே இருப்பவருக்குப் பதில் போட்டோம், அவ்வளவுதான்.

நானும் அழுது புலம்பிக்கொண்டே ஒன்பது நாள் செபத்தை அறிவித்தேன். நம் ஊரில் ஒருவர் போனால் வேறென்ன செய்வோம்? ஆளுக்கொரு மாலை செபம் சொன்னார்கள். மூன்று வருஷமாக நான் 'வணக்கம் வகுப்பே!' என்று கத்தினால் என் எதிரொலிகூடத் திரும்பி வராத அந்த இடத்தில், மானாங், நெரிசல். சுருக்கமாகச் சொன்னால் திருவிழா. செத்துக் கிடந்த வகுப்பு எழுந்து நடந்தது. (இந்த வாக்கியம் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாகத் தெரியும், விட்டுவிடுகிறேன்.)

இனி காரியத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் பெயர் மாற்றப் படிவம் இருக்கிறது, திருமணம் ஆனால் ஒன்று, ஆன திருமணம் செல்லாது என்றால் ஒன்று. செத்தவர் திரும்பி வந்தால் நிரப்புவதற்குப் படிவம் இல்லை. விசாரித்ததில், நீங்கள் உயிரோடு இருப்பதாக உங்கள் ஊர்த்தலைவரிடமிருந்து சான்று வாங்கி அனுப்பினால் பரிசீலிப்பார்களாம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். வகுப்பில் யாருக்கும் நேரே எழுதிவிடாதீர்கள். பலவீனமான இதயங்கள் இருக்கின்றன. நான் மெல்ல மெல்லத் தயார்செய்து சொல்கிறேன். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மணிலாவில் எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. நம் வகுப்பின் உடனிருப்பைப் பாராட்டி ஏதோ ஒரு கேடயம் தருகிறார்களாம், நான் அதையெல்லாம் பெரிதாக நினைக்கிறவன் இல்லை. அது முடிந்ததும் முதல் வேலை நீங்கள்தான்.

தலைமுடிக்குச் சாயம் அடித்து வெளுத்துப்போன உங்கள் தம்பி,
அன்செல்மோ


பாகிரான்
டிசம்பர் 4

சார்,

சிரிப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கவில்லை. கிறிஸ்புலோ சிரித்தார், அவரைத் தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனேன். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். மருமகள் பின்னால் நின்று நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

"பானிங், உன்ன எனக்குத் தெரியாதா? ஆனா பல்கலைக்கழகமே செத்துட்டன்னு சொல்லுது. அவ்வளவு படிச்சவங்க சொல்றத, நாலாம் கிளாஸ் தாண்டாத நான் எப்பிடி மறுக்கறது?"

"எதுத்தாப்புல நிக்கறேனே."

"நிக்கற. நிக்கறது வேற, சான்று வேற. விசாரிக்கணும். புயல் நிவாரணப் பட்டியல் முடியட்டும். ஜூலைல வா."

ஜூன் மாதத்துக்கு அடுத்து வருவதுதான் ஜூலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மருமகள் நகத்தை ஊதிக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். ஓய்வு எடுக்கச் சொல்கிறாளா, சாந்தியடையச் சொல்கிறாளா என்று படியிறங்கும்வரை யோசித்தேன்.

இப்போது ஒரு கேள்வி. ஒருத்தி செத்துவிட்டாள் என்று பல்கலைக்கழகப் பதிவில் ஏறவேண்டுமானால் யாரோ ஓரிடத்தில் ஒரு குறி போட்டிருக்கவேண்டும். மெழுகுவத்திப் படத்தைப் பார்த்துக் கணினி தானாகக் கொன்றுவிடாது. வானொலியில் என் பெயர் வந்ததா? பாதிரியார் எழுதினாரா? இந்தத் தீவுக்கு வாரம் இரண்டு படகு வருகிறதே, ஒரு சீட்டு எழுதிக் கேட்டீர்களா? செத்த பிறகு பூசை அட்டை வந்து சேர்ந்த படகில், சாகுமுன் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி வந்திருக்கலாமே.

யார் போட்ட குறி அது?

வகுப்பைத் தயார்செய்கிறேன் என்கிறீர்கள். நான் செத்தேன் என்று நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. இருக்கிறேன் என்று நம்புவதற்கு மட்டும் இவ்வளவு தயாரிப்பா? உங்கள் எழுத்தைப் பார்த்தாலே பழைய எண்ணெயில் பொரித்த நாற்றம் அடிக்கிறது.

எபிபானியா


இலோயிலோ
டிசம்பர் 8

மானாங்,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், பூனைக்குச் சோறு வைத்தேன், வீட்டுக்காரம்மாவின் குழாயைப் பழுதுபார்த்தேன். அது இப்போது முன்பைவிட மோசமாக ஒழுகுகிறது. திரும்பி வந்து பார்த்தாலும் அந்தச் சொல் அங்கேயே இருக்கிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பின் உடனிருப்பு சராசரியாகக் கணக்காகிறது. நீங்கள் வராத ஒவ்வொரு வாரமும் உங்கள் பூச்சியம் எல்லோரையும் கீழே இழுத்தது. பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் உண்டு: படிக்கிறார், விலகினார், காலமானார். 'விலகினார்' என்றால் ஆசிரியரின் குறை, விளக்கம் எழுதவேண்டும். 'காலமானார்' என்றால் கடவுளின் வேலை, யாரும் விளக்கம் கேட்பதில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், நானும் நம்பிவிட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நம்பினேன். மீதிப் பாதி, சராசரி ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்ததும் எங்கள் இயக்குநர் டாக்டர் வெனரண்டாவிடம் ஓடினேன். ஓடினேன் என்பது பொய், நடந்தேன், நடுவில் ஒரு காப்பியும் குடித்தேன். அந்த அம்மா கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "சந்தோஷமான செய்தி அன்செல்மோ. பன்னிரண்டாம் தேதிக்கு அப்புறம் சந்தோஷப்படலாம்" என்றாள். மணிலாவில் நாடு முழுவதிலுமிருந்து தொலைதூரக் கல்விக்காரர்கள் வருகிறார்கள். நம் வகுப்பின் துக்கம்தான் அங்கே முன்மாதிரி. கேடயத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது, 'நினைவாக' என்று. எனக்கும் அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும். ஆசிரியர் வேலை போனால் நாற்பத்தேழு வயதில் நான் போய் எதை விற்பது? பேச்சைத்தான் விற்கவேண்டும், அதையும் இங்கே இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டேன்.

நாலே நாள் மானாங். பதினொன்றாம் தேதி ஞாயிறு உங்கள் நாற்பதாம் நாள். மூன்று மணிக்கு எல்லோரும் காணொளியில் கூடிச் செபம் சொல்கிறோம், மதிப்பெண் இருப்பதால் ஒருவர்கூடத் தவறமாட்டார்கள். அதை நடத்திக் கொடுத்துவிட்டு, மணிலா போய் வந்து, உங்களை எழுப்பிவிடுகிறேன். நாற்பது நாள் பொறுத்தவர் நாலு நாள் பொறுக்கமாட்டீர்களா?

அருவருப்பாகத்தான் இருக்கும். எழுதுகிற எனக்கே இருக்கிறது.

அன்செல்மோ


பாகிரான்
டிசம்பர் 12

சார்,

கோபுரம் வெள்ளிக்கிழமையே எழுந்துவிட்டது. இருந்தாலும் தாளில்தான் எழுதுகிறேன். உங்கள் தளத்தில் நான் செத்தவள், உள்ளே விடமாட்டார்கள். அதோடு தாளில் எழுதினால் அதற்குக் கீழே யாரும் இதயப் படம் போட முடியாது.

நேற்று என் நாற்பதாம் நாளுக்கு நான் வந்திருந்தேன்.

கிளியோஃபே தன் கடிதத்தில் ஹாங்காங் எண்ணை எழுதியிருந்தாள். அழைத்தேன். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டாள். மூன்று தடவை வைத்தாள். நாலாவது தடவை நான் முந்திக்கொண்டு, "கிளியோஃபே, வைக்காத, உன்னோட பூசை அட்டைல என் வயச அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்க, எனக்கு அம்பத்தொண்ணுதான்" என்று திட்டினேன். பேய் வயசுக்காகச் சண்டை போடாது என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். அப்புறம் அழுதாள் பாருங்கள். அவள்தான் கூட்டத்துக்கான இணைப்பை அனுப்பினாள்.

நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டேன். சாவுக்குப் போகும்போது சுத்தமாகப் போகவேண்டும். பாலர் நிலையத்து மேசையில் கிறிஸ்புலோவின் தொலைபேசியைச் சாய்த்து வைத்து மூன்று மணிக்கு உள்ளே வந்தேன். கட்டம் கட்டமாகக் கறுப்பு. ஒவ்வொரு கறுப்பிலும் ஒரு பெயர். எங்கள் கல்லறைத் தோட்டம்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பதிவுசெய்த செபமாலை ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கட்டத்தில் மட்டும் உங்கள் புகைப்படம், சாயம் அடித்த முடியோடு.

"வணக்கம். நான் எபிபானியா. சாகல. இருக்கேன்" என்றேன்.

செபமாலை ஓடியது.

கேட்கவில்லையோ என்று கிட்டே போய் மறுபடியும் சொன்னேன். கப்பல்காரத் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உன் அப்பாவுக்கு வைத்த மெழுகுவத்தி எனக்கு வந்துவிட்டதப்பா, திருப்பி எடுத்துக்கொள் என்றேன். ஒவ்வொரு பெயராகப் படித்துக் கூப்பிட்டேன். பாலர் நிலையத்தில் வருகை எடுப்பதுபோல. அங்கே மூன்று வயசுப் பிள்ளைகூடக் கையைத் தூக்கும். இங்கே ஒரு கட்டமும் அசையவில்லை. உங்களை இரண்டு தடவை கூப்பிட்டேன். புகைப்படம் சிரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அங்கே யாருமே இல்லை. எல்லோரும் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது? செத்தால்கூட இவ்வளவு தனியாக இருக்காது சார். செத்தால் ஈயாவது வரும்.

ஒரே ஒரு கட்டம் திடீரென்று வெளிச்சமானது. கிளியோஃபே. பூங்காவில் அட்டைப் பெட்டியை விரித்து, தோழிகளோடு உட்கார்ந்து, எனக்காகச் சமைத்த பன்சித் நூடுல்ஸைத் தட்டில் வைத்துக்கொண்டு, "மானாங், நான் இருக்கேன், கை எண்ணெயா இருந்துச்சு, அழுத்த முடியல" என்றாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுமுறை அவளுக்கு. நாற்பது நாளாக எல்லா ஞாயிறும் எனக்காகச் செபம் சொல்லியிருக்கிறாள். மதிப்பெண்ணுக்கா என்று கேட்டேன். ஒன்பதாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் நடுவில் வந்த ஞாயிறுக்கெல்லாம் மதிப்பெண் தரவில்லை என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கறுப்புக் கட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினோம். தொண்தொண் கடிப்பதைச் சொன்னேன். அவள் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையும் கடித்ததாம். "கடிச்சா கைய இழுக்காதீங்க மானாங். இழுத்தா அதுக்கு வெளையாட்டு. அப்பிடியே இருங்க, மூஞ்சியப் பாருங்க. விட்டுரும்" என்றாள். ஜூனிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு பதில் போட்டு முடித்திருந்தாளாம், மூன்றாவதுக்கு மதிப்பெண் கிடையாது என்று படிக்காமலே போயிருக்கிறாள். சொல்லிவிட்டு மறுபடி அழுதாள்.

மூன்று மணிக்கு எங்கே இருந்தீர்கள் சார்? மணிலா மறுநாள்தானே?

இனிமேல் சார் கிடையாது. நாலு வயசு சின்னத் தம்பிக்கு நோனோய் என்ற சொல் போதும். பதில் சொல், நோனோய்.

எபிபானியா


இலோயிலோ
டிசம்பர் 19

மானாங்,

முடிதிருத்தும் கடையில் இருந்தேன். கேடயத்தோடு படம் எடுப்பார்கள் என்று. காதுக்கு மேலே சாயம் பூசிக்கொண்டிருந்தான், என் கணினி வீட்டில் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மணிலாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் எனக்குக் கிடைக்குமுன் நடந்தது. டாக்டர் வெனரண்டா மேடையில் நம் நாற்பதாம் நாள் கூட்டத்தின் பதிவைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டினாள். 'பாருங்கள், ஒருவர்கூடத் தவறவில்லை.' பெரிய திரை, முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், மூலையில் 'கிறிஸ்புலோ கும்பான்' என்ற பெயருக்கு மேலே ஒரு பெண் மட்டும் கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசிக்கொண்டிருக்கிறாள். மண்டபமே கைதட்டியது, மானாங். அது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இயக்குநர் மட்டும் என் பக்கம் குனிந்து, "யாரந்த உற்சாகமான மாணவி? இப்பிடித்தான் இருக்கணும்" என்றாள்.

"அதுதான் செத்தவங்க" என்றேன்.

அவள் சிரிப்பு மாறவில்லை. "இப்ப வேண்டாம்" என்றாள், உதடு அசையாமல்.

நான் எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. கேடயத்தை வாங்கினேன். கை தானாக நீண்டது. மதிய விருந்தும் சாப்பிட்டேன், இரண்டாம் தடவை கேட்டு வாங்கியும். திரும்பும் விமானத்தில் எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கேடயத்தை என் முகத்துக்கு நேரே தட்டுபோலப் பிடித்தார். அவர் என்ன செய்வார், வேறு பாத்திரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைச் சத்தத்தோடு பார்த்தேன். முழுவதும். நீங்கள் என்னைக் கூப்பிட்ட இடத்தில் நிறுத்தி, என் புகைப்படத்தைப் பார்த்தேன். இவ்வளவு அசிங்கமாக ஒருவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பதிவாளருக்கு எழுதினேன். குறி போட்டது நான், விசாரிக்காமல் போட்டேன், சராசரிக்காகப் போட்டேன். ஊர்த்தலைவர் சான்று வேண்டாம், கொன்றவனின் வாக்குமூலம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். கழுவித் துடைத்துக் கேடயத்தையும் அனுப்பினேன். பதிவாளர் நல்ல மனுஷர், அதாவது ஓய்வுபெற இரண்டு மாதம் இருப்பவர். கணக்கைத் திறக்க முடியாதாம், அதற்குப் பொத்தானே இல்லை. தாளில் தேர்வு வைக்கலாம், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் நேரில் இருந்தால் போதும் என்றார். அடுத்த பருவத்துக்கு எனக்கு ஒப்பந்தம் இல்லை. அதனால் இந்தப் பருவம் முடிவதற்குள் கேள்வித்தாளை நானே கொண்டுவருகிறேன். சூப்பில் அலை அடித்தாலே எனக்குத் தலை சுற்றும், உங்கள் கடலை நினைத்தால் இப்போதே சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

வகுப்புக்கும் அறிவித்தேன்: 'மானாங் எபிபானியா உயிரோடு இருக்கிறார். தவறு முழுவதும் என்னுடையது.' பதினொரு இதயம். 'அருமையான பகிர்வு சார்' நாலு. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' இரண்டு. கப்பல்காரத் தம்பி மட்டும் தனியாக எழுதினான், தன் மெழுகுவத்தியை அங்கேயே விட்டு வைக்கலாமா, அப்பாவுக்கு வேறு இடம் இல்லை என்று. வைத்துக்கொள் என்றேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அன்செல்மோ


பாகிரான்
மே 30

நோனோய்,

பட்டம் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சனவரியில் நீ வந்து போனதை இங்கே இன்னும் பேசுகிறார்கள். படகிலிருந்து இரண்டு பேர் உன்னைத் தூக்கி இறக்கியதையும், நீ என் வாசலில் மண்டியிட்டதை மன்னிப்பு என்று நினைத்துக் கிறிஸ்புலோ தூக்கப் போக, நீ அவர் காலிலேயே வாந்தி எடுத்ததையும். கஞ்சி குடிக்க முடியாமல், பச்சை முகத்தோடு, மூன்று மணி நேரம் என் எதிரே குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அது மூன்று வயசுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலி. முட்டி தாடையில் இடித்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்று பார்த்தேன். நான் மூன்றாவது கேள்வி எழுதும்போது தொண்தொண் ஊர்ந்து வந்து உன் விரலைக் கடித்தான். கத்தப்போகிறாய் என்று பேனாவை வைத்தேன். உன் கண்ணில் தண்ணீர் முட்டியது. கையை இழுக்கவில்லை. அப்படியே இருந்து அவன் முகத்தைப் பார்த்தாய். அவன் விட்டுவிட்டு உன் மடியில் ஏறினான். என் கடிதத்தைக் கடைசிவரை படித்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளியோஃபே ஒவ்வொரு ஞாயிறும் அழைக்கிறாள். கப்பல்காரத் தம்பியும் சேர்ந்துகொள்கிறான், கரை கிடைக்கும்போது. அவன் சமையலறையில் கரப்பான் இருக்கிறதாம். அவள் எஜமானி நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறாளாம். ஒருவருக்கும் மதிப்பெண் கிடையாது. நீயும் வேண்டுமானால் வா. கேமராவைத் திறந்து வை. சாயம் போன தலையோடு வந்தால் போதும்.

இப்போது பட்டம். நல்ல தடிமனான தாள், தங்க முத்திரை. எல்லாம் சரி. என் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னச் சிலுவை அச்சாகியிருக்கிறது. உங்கள் கணினிக்கு நான் செத்த செய்திதான் தெரியும்போல, மறைந்தவர்களுக்குப் போடும் சிலுவையைப் போட்டு அனுப்பிவிட்டது. திருத்தக் கேட்டால் படிவம் இல்லை என்பீர்கள். கேட்கவில்லை.

அதைச் சட்டம் போட்டு ஊர்த்தலைவரிடம் கொண்டுபோனேன். மருமகளும் இருந்தாள். அவர் சிலுவையைத் தடவிப் பார்த்தார். "இது செத்தவங்களுக்குக் குடுக்கற பட்டமாச்சே பானிங். உன்ன எப்பிடி வேலைல வெக்கறது?"

"வெக்க வேண்டாம் தலைவரே. ஏற்கெனவே இருக்கேன். எடுக்கணும்னாதான் உங்களுக்கு வேலை. செத்தவள வேலைய விட்டு எடுக்கறதுக்கு எந்தப் படிவம்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. ஜூலைல வரேன்."

சட்டத்தைப் பாலர் நிலையத்தில் கரும்பலகைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். காலையில் வருகை எடுக்கும்போது பிள்ளைகள் முதலில் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் கையைத் தூக்குகிறார்கள்.

மானாங் பானிங்